விடுதிக்குள் முளைக்கும் ஜாகிர்தார்கள்

கல்லூரி விடுதிகளில் நடக்கும் ‘ராகிங்’ என்னும் அக்கிரமத்தைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக் கூடும். அது காரும் பங்களாவும் உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் சில்லறை விளையாட்டு; ஆலையில் ஷிப்டு பார்க்கிறவனுக்கும் வயலில் கரும்பு வெட்டுகிறவனுக்கும் அதில் என்ன வந்தது என்று நினைப்பவர்கள் நம்மிலேயே உண்டு.

அந்தக் காலம் போய்விட்டது, தோழர்களே!

வடக்கனந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையின் அடிவாரம். பக்கத்தில் கோமுகி அணை. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. வெட்டுகிறவனும் அரைக்கிறவனும் கரும்பை நம்பிப் பிழைக்கிற பூமி. ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பத்தாவது தாண்டினால் அதுவே ஊர்ச் செய்தி. இன்று நிலைமை வேறு. அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2021ல் இன்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது நீண்டது. கள்ளக்குறிச்சியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அடிவாரத்துக் கூலிக்காரர் மகளும், மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடி வீட்டுப் பையனும் தகரப் பெட்டியோடு தூர ஊர்க் கல்லூரி விடுதிகளுக்குப் புறப்படுகிற காலம் இது.

அப்படிப் புறப்படுகிற பிள்ளையை விடுதி வாசலில் எதிர்கொள்வது யார்? வார்டன் அல்ல, பேராசிரியர் அல்ல. பெரும்பாலும் இரண்டாம் வருஷத்து, மூன்றாம் வருஷத்து மாணவன். அவன் கைகொடுத்து உள்ளே அழைத்துப் போகிறானா, காதைத் திருகி இழுத்துப் போகிறானா என்பதில்தான் நம் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. சில சமயம் உயிரே நிற்கிறது.

வெட்டி வேலையின் புது அவதாரம்

ராகிங் என்றால் என்ன? விடுதிப் பக்கமே போகாத பெற்றோருக்காகச் சொல்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்குப் புது மாணவனை எழுப்பி மூத்தவர்கள் அறைக்குக் கூட்டிப் போவார்கள். தலை நிமிரக் கூடாது. தன் சட்டையின் மூன்றாவது பட்டனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊர் எது? அப்பன் என்ன வேலை? எந்தக் கோட்டாவில் வந்தாய்? மார்க் எத்தனை? அப்பா கரும்பு வெட்டுகிறார் என்று சொன்னால் அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு வேலை ஆரம்பம். சீனியர் துணியைத் துவை. அவன் ரெக்கார்டு நோட்டை உட்கார்ந்து எழுது. கடைக்கு ஓடி சிகரெட் வாங்கி வா, காசு கேட்காதே. சட்டையைக் கழற்று. மண்டி போடு. வெளியே மூச்சு விட்டால் தொலைந்தாய்!

இதற்குச் ‘சம்பிரதாயம்’ என்று ஒரு கௌரவப் பெயர். ‘தமாஷ்’ என்று இன்னொரு பெயர். தமாஷ் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2022ல் வேலூரில் பெயர்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விடுதியில் முதல் வருஷ மாணவர்களை உள்ளாடையோடு அணிவகுக்க வைத்த வீடியோ வெளிவந்தது. 7 மாணவர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். 2023 நவம்பரில் கோவை பீளமேட்டில், நம் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டங்களைக் கண்ட அதே பீளமேட்டில், குடிக்கப் பணம் தரவில்லை என்று ஜூனியர் மாணவனை அடித்துத் தலையை மொட்டையடித்ததாக ஒரு கல்லூரியின் சீனியர் மாணவர்கள் 7 பேர் கைதானார்கள். 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்கள் புகார் கொடுத்தார்கள்: மாதக்கணக்கில் சித்திரவதை, காம்பஸ் முனையால் உடம்பில் குத்து, குத்திய புண்ணில் லோஷன், வாரந்தோறும் குடிக்கக் காசு. மூன்றாம் வருஷ மாணவர் 5 பேர் கைது. பிறருடைய புண்ணுக்கு மருந்து போடக் கற்க வந்தவர்கள் மீது இப்படிப் புகார்!

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. 1976ல் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரை அந்த மலை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தாக வேண்டும். ஏன் என்று கேட்க நாதியில்லை. தஞ்சைத் தரணியில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்த வரலாற்றை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாலையில் புதிதாய்ச் சேர்ந்தவன் மேஸ்திரிக்கு மாமூல் அழுத காலமும் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவனைக் குனிய வைத்து, அவன் உழைப்பையும் காசையும் மானத்தையும் சேர்த்துப் பறிக்கிற அதே காரியம்தான் இன்று விடுதி அறையில், பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த வியாதியின் வேரே அங்குதான் இருக்கிறது. பண்ணையாள் ஒருநாளும் மிராசுதார் ஆக முடியாது. ஆகவே அவன் தன்னைப் போன்றவனோடு சேர்ந்தான்; சங்கம் வைத்தான்; சவுக்கைப் பிடுங்கினான். விடுதியில் அப்படியல்ல. “இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள், அடுத்த வருஷம் நீதான் ஜாகிர்தார், உனக்கும் ஒரு கூட்டம் ஆள் கிடைப்பார்கள்” என்று லஞ்சம் காட்டுகிறார்கள். அடிபட்டவனை அடிக்கிறவன் ஆக்கி விடுகிறார்கள். தன்னை அடித்தவனைத் திருப்பிக் கேட்கத் துணிவில்லாதவன் தனக்குப் பின்னால் வருகிற ஏழைப் பிள்ளையிடம் பழி தீர்க்கிறான். வருஷா வருஷம் ஆள் மாறுகிறது; சவுக்கு மட்டும் கைமாறிக் கைமாறி அப்படியே நிற்கிறது.

நாவரசுவுக்குப் பின்

பழைய தென்னாற்காடு ஜில்லாவின் மேற்கு ஓரம் நம் வடக்கனந்தல் என்றால், அதன் கிழக்கு ஓரம் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1996 நவம்பர் 6ந் தேதி முதல் வருஷ மாணவர் பொன். நாவரசு காணாமல் போனார். கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கியிருந்தார்கள். தமிழகமே பதறியது. ராகிங்குக்குப் பணிய மறுத்ததால் சீனியர் மாணவன் செய்த கொலை என்பது அரசுத் தரப்பு வழக்கு. 1998ல் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டு ஜான் டேவிட் என்ற அந்தச் சீனியர் மாணவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001ல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. 2011ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்துச் செய்து ஆயுள் தண்டனையை உறுதிப்படுத்தியது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 14 வருஷங்களுக்கு மேல்!

நாவரசுவின் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அந்தக் குடும்பத்தின் துயரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தகப்பனின் கண்ணீரும் ஒன்றுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி. அந்த வழக்கே முடிய அத்தனை வருஷம். கரும்பு வெட்டுகிறவர் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் கோர்ட்டு வாசலில் எத்தனை வருஷம் நிற்பது? நின்றால் அன்றைய கூலியை யார் கொடுப்பது?

நாவரசு வழக்கின் கொந்தளிப்பில்தான் 1997ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. 2 வருஷம் வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் நிரூபணமானவனைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும். வேறு கல்லூரியிலும் சேர்க்கக் கூடாது. 2009 மார்ச்சில் ஹிமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் குடிவெறியில் சீனியர்கள் அடித்து முதல் வருஷ மாணவர் ஒருவர் செத்தார். அந்த வருஷமே பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் கொண்டுவந்தது. கூடிய வரையில் முதல் வருஷ மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி, ராத்திரி ரோந்து, மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம், கிரிமினல் குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவரே போலீசில் புகார் பதிய வேண்டும். ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது.

அப்படியானால் பீளமேடு ஏன்? கோட்டயம் ஏன்? ஒரு பிணம் விழுந்தால் ஒரு சட்டம், இன்னொரு பிணம் விழுந்தால் ஒரு விதி! ஏட்டுச் சட்டம் தானாக எழுந்து விடுதி மாடிப்படி ஏறுவதில்லை. நிர்வாகத்துக்குக் கல்லூரியின் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை. பெயர் கெட்டால் அடுத்த வருஷ வசூல் குறையுமே என்ற கவலை. ஆகவே புகார் கொடுத்தவனைக் கூப்பிட்டு, “சமாதானமாகப் போய்விடு தம்பி” என்று முதுகைத் தட்டுகிறார்கள். சவுக்கு வைத்திருந்தவனையும் வாங்கினவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சமாதானம் பேசுகிற வித்தை நமக்குத் தெரியாததா?

சமத்துவமாம்!

ராகிங்குக்கு வக்காலத்து வாங்குகிறவர்களில் ஒரு ரகம் மிகவும் ஆபத்தானது. “பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் முதல் நாளே ஒரே மாதிரி மண்டி போட்டால் திமிர் அடங்கும்; எல்லோரும் சமம் என்ற எண்ணம் வரும்” என்பது அவர்கள் வாதம். புரட்சிகரமான வாதம் போலக் காதில் விழுகிறது அல்லவா?

இலங்கையில் இந்த வாதம் வெகுகாலமாகப் புழங்குகிறது. அங்கே இதற்குப் ‘பகடிவதை’ என்று பெயர். வர்க்க பேதத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, சிவப்பு வார்த்தைகள் பேசுகிற மாணவர் ஸ்தாபனங்களே இதற்குக் குடைபிடித்ததாகக் குற்றச்சாட்டுகள் உண்டு. நடந்தது என்ன? 1997 அக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிக்க வந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், அளவு மீறித் தேகப் பயிற்சி செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். மறு வருஷம் அங்கும் ஒரு தடைச் சட்டம் வந்தது. வர்க்க பேதம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது!

மண்டியிட வைப்பதில் ஒருகாலும் சமத்துவம் வராது. பணக்காரப் பிள்ளைக்கு வெளியே வீடு எடுத்துத் தங்க வசதியுண்டு. அப்பாவின் சிபாரிசு உண்டு. சீனியருக்கு விருந்து வைத்துச் சரிக்கட்டப் பணம் உண்டு. முழு அடியும் யார் முதுகில் விழும்? விடுதியை விட்டால் போக்கிடம் இல்லாதவன் முதுகில்! அதிலும் ஜாதி சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மும்பை நாயர் ஆஸ்பத்திரியில் மேல்படிப்புப் படித்த பழங்குடி டாக்டர் பாயல் தட்வி 2019 மே மாதம் உயிரை விட்டார். ஜாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்று சீனியர் பெண் டாக்டர்கள் மூவர் மீது வழக்கு. ஆண்கள் விடுதியில் மட்டும் நடக்கிற ரவுடித்தனம் இது என்று நினைத்துப் பெண்ணைப் பெற்றவர்கள் நிம்மதியாக இருக்க இடமில்லை. பள்ளிக்கூடமும் தப்பவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பட்டியல் ஜாதி மாணவனை சிகரெட் வாங்கி வரச் சொல்லி ஏவியவர்கள் உடன்படித்த பையன்கள். பள்ளியில் முறையிட்டதற்குப் பழியாக வீடு புகுந்து அவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். எடுபிடி வேலை ஏவுவதில் ஆரம்பித்து அரிவாளில் முடிகிற பாதை அவ்வளவு நீளமானதல்ல.

கொடியின் நிறம் எதுவானாலும்

இனி, சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் கேரளத்தில் வயநாடு பூக்கோடு கால்நடைக் கல்லூரி விடுதியில் இரண்டாம் வருஷ மாணவர் ஒருவர் பிணமாகத் தொங்கினார். அதற்கு முன் பலர் பார்க்க அவரை அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது வழக்கு. கைதானவர்களில் இந்திய மாணவர் சங்கத்தின் அந்தக் கல்லூரிக் கிளைப் பொறுப்பாளரும் உண்டு. கல்லூரி யூனியன் தலைவரும் உண்டு. விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது. யார் யார் என்ன செய்தார்கள் என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் ஒரு கேள்விக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. வெண்கொடியில் சிவப்பு நட்சத்திரத்தையும், சுதந்திரம், ஜனநாயகம், சோஷலிசம் என்ற மூன்று வார்த்தைகளையும் சுமக்கிற ஸ்தாபனத்தில் பொறுப்பில் இருந்தவர்கள், ஒரு மாணவனை விடுதியில் அடித்த வழக்கில் நிற்க நேர்ந்தது எப்படி?

எதிரிகள் இதைத் தூக்கிப் பிடித்துக் கூத்தாடுகிறார்கள். ஆகவே நாம் பேசக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு! எதிரி பேசுகிறான் என்பதற்காக நாம் வாயை மூடினால், அடிபட்ட பிள்ளையின் தாய் யாரிடம் போவாள்? ஒரு விடுதியில் ஒரே ஸ்தாபனம்தான் இருக்கலாம், மற்றவன் தலைதூக்கக் கூடாது என்ற எண்ணம் எப்போது வருகிறதோ, அப்போதே அந்த ஸ்தாபனம் சங்கம் என்ற தன்மையை இழந்து ஜாகிர் ஆகிவிடுகிறது. சம்பவத்துக்குப் பின் பொறுப்பாளரை நீக்கி அறிக்கை விடுவது சுலபம். முதல் நாள் ராத்திரி முதல் அடி விழுந்தபோது, “நிறுத்துடா!” என்று சொல்ல அந்த மாடியில் ஒரு தோழன்கூட இல்லையா என்பதுதான் நம்மைக் குடைகிற கேள்வி.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு விதம். மாணவர் சங்கத் தேர்தலே நடக்காத கல்லூரிகள் ஏராளம். சங்கம் வைத்தால் படிப்பு கெடும் என்று தனியார் கல்லூரி முதலாளிகள் உபதேசம் செய்கிறார்கள். சங்கம் இல்லாத இடத்தில் அமைதியா நிலவுகிறது? ஜாதிக் கும்பலும் ஊர்க் கும்பலும் குடிக் கும்பலும் அங்கே கொலுவிருக்கின்றன. ஆக, சங்கம் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்று வயநாடு காட்டுகிறது. சங்கத்தைத் தடுத்துவிட்டால் தீர்ந்தது என்பதும் பொய் என்று பீளமேடு காட்டுகிறது. எப்படிப்பட்ட சங்கம் என்பதே விஷயம்.

நம் மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறோம். கல்லூரி திறக்கும் நாளில் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். புதிதாய் வருகிற பையனின் பெட்டியை ஒரு கை பிடியுங்கள். ஸ்காலர்ஷிப் மனு எழுதிக் கொடுங்கள். ஜாதிச் சான்றிதழுக்கு அலைகிற மலைப் பிள்ளைக்குத் துணை போங்கள். இங்கிலீஷ் புரியாமல் முழிக்கிறவனுக்கு ராத்திரி பாடம் சொல்லிக் கொடுங்கள். முதல் வருஷ மாணவர்கள் தங்களுக்கென்று பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் கமிட்டியில் அவர்களுக்கு இடம் கொடுங்கள். பயமுறுத்தி ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்த்தால் அது மந்தை. அடுத்த வருஷமே சிதறிவிடும். ராகிங் செய்தவன் நம் ஸ்தாபனத்து ஆளானால் அவனுக்காக ஸ்டேஷனுக்குச் சிபாரிசுக்குப் போகாதீர்கள். புகார் கொடுத்தவனுக்குத் துணையாகப் போங்கள்.

புகார் யார் கொடுப்பது?

விடுதியில் அடிபட்ட பிள்ளை ஒருநாள் போனில் அழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் தாய் என்ன சொல்கிறாள்? “பொறுத்துக்கோ கண்ணு, ஒரு வருசந்தானே. பெரிய எடத்துப் புள்ளைங்களைப் பகைச்சிக்கிட்டா சீட்டு போயிடும்.” அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை நாள் கூலியைச் சேர்த்து அந்தப் பிள்ளைக்குப் பெட்டி வாங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பயத்தைத்தான் விடுதி ஜாகிர்தார் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறான். தோழர்களே, புகார் கொடுத்தால் சீட்டு போகாது. போக வேண்டியது ராகிங் செய்தவன் சீட்டு. இது சட்டம். புகாரை வாயாலும் சொல்லலாம். பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் 24 மணி நேரமும் இயங்கும் இலவச போன் எண் 1800-180-5522. பிள்ளையின் செல்போனில் மட்டும் போதாது. உங்கள் வீட்டுச் சுவரிலும் இந்த எண்ணை எழுதி வையுங்கள்.

ஒரு தகப்பன் தனியாகப் போய்க் கல்லூரி முதல்வர் அறை வாசலில் துண்டைக் கையில் பிடித்து நின்றால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான். ஆலைத் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போவது போல இதற்கும் கூடப் போக வேண்டும். ஆலையில் மெமோ வந்தால் கூடி நிற்கிறோம். பிள்ளை மொட்டையடிக்கப்பட்டு வந்தால் மட்டும் தனித்தனி வீட்டுத் துக்கமா? ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் ஊரிலிருந்து விடுதிக்குப் போயிருக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். எந்த ஊர், எந்தக் கல்லூரி, வார்டன் போன் நம்பர் என்ன என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். பெரிய வேலையல்ல, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷத்துப் பிள்ளையிடம் போனில் “சாப்பிட்டியா?” என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். “ராத்திரி உன்னை யாரு கூப்பிட்டாங்க? யாருக்குக் காசு கொடுத்தே? யாரு துணியைத் துவைச்சே?” என்று கேளுங்கள். பதில் சொல்லப் பிள்ளை தயங்கினால் ஒரு நாள் கூலி போகட்டும் என்று சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.